வால் பக்கம்

கருமடைக்காரர்களிடம் வழி கேட்டால் வடக்கு, தெற்கு என்று சொல்லமாட்டார்கள். கொம்புப் பக்கம் என்பார்கள், வால் பக்கம் என்பார்கள், வயிற்றுப் பக்கம் என்பார்கள். வெளியூர்க்காரன் விழிப்பான். ஊர் நடுவே நாற்சந்தியில் நிற்கும் எருமையைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு விளங்கும்.

மற்ற ஊர்களில் சிங்கம் நிற்கும். யானை நிற்கும். குதிரை நின்றால் அதன்மேல் யாராவது வாளோடு உட்கார்ந்திருப்பான். கருமடையில் நிற்பது எருமை. அதன்மேல் யாரும் கிடையாது.

ஒரு காலத்தில் ஏரிக்கு மடை கட்ட அரசன் தன் யானைகளை இறக்கினான். யானைகள் சேற்றில் புதைந்து பிளிறின. ஊராரின் எருமைகள்தான் மடைக்கல்லை இழுத்துப் போட்டன. வேலை முடிந்ததும் அரசன் தன் கொடியில் யானையைப் பொறித்துக்கொண்டான். ஊர் எருமையை வைத்துக்கொண்டது. பக்கத்து ஊர்களில் தாய் பிள்ளையை 'எருமை' என்று திட்டினால் பிள்ளை அழும். கருமடையில் அதே திட்டு விழுந்தால் பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "ஆமா, பின்ன?" என்று கேட்கும்.

சிலை மிகப் பழையது அல்ல. நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் முன்னால், வீட்டுக்கு வீடு கொடுத்த செம்பையும் பித்தளையையும் உருக்கி வார்த்தது. அதற்கு நேர் எதிரே ஒரு பெரிய கட்டடம். முதலில் அரசன் இருந்தான், பிறகு வெள்ளைக்காரன் இருந்தான், இப்போது அரசு அலுவலகம். ஊர்ப் பேச்சில் அதன் பெயர் கச்சேரி. எருமை அந்தக் கச்சேரிக்குப் பின்பக்கத்தைக் காட்டியபடி நின்றது.

அப்படி நிற்க வைத்தவர் அறவாழி.

அவர் கல்லூரிப் படி ஏறாதவர். கூட்டங்களில் நாலணாவுக்கு விற்ற வெளியீடுகளைப் படித்தே முதுகெலும்பு நிமிர்ந்தவர். சிலைக்கு அனுமதி கேட்டபோது மேலிடம் ஒரு நிபந்தனை போட்டது. எருமை கச்சேரியைப் பார்த்து நிற்க வேண்டும், தலையைச் சற்றுத் தாழ்த்தி, வணக்கம் வைப்பதுபோல. ஊர்ப் பெரிய மனிதர்கள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு வந்தார்கள்.

சிலையைப் பீடத்தில் ஏற்றிய அன்று காலை ஊரே கயிறு பிடித்தது. அறவாழி பாரவண்டிமேல் ஏறி நின்றார். அப்போது அவர் காளைப் பருவம். "திருப்புங்கடா! கும்பிடு கேக்குறவனுக்கு வாலைக் காட்டுங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். கயிறு பிடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எங்கோ ஒருவன் சிரித்தான். எருமை திரும்பியது.

மாலையில் பெரிய அதிகாரி ரோஜா மாலையோடு வந்தார். முடிச்சை இழுத்தார். பட்டுத்துணி விழுந்தது. அவர் மூக்குக்கு நேரே வால். மாலையை எங்கே போடுவது என்று தெரியாமல் அவர் நின்ற நிற்பை, அன்றைக்குப் பிறக்காதவர்கள்கூட இன்றைக்கு நடித்துக் காட்டுவார்கள்.

அதற்குக் கூலியாக அறவாழிக்குச் சிறை கிடைத்தது. உள்ளே ஒரு காலை ஒடித்து அனுப்பினார்கள். அவர் அதைப்பற்றி அழுததே இல்லை. கச்சேரிக்கு மனுக் கொடுக்கப் போகிறவர்கள் எருமையின் பின்தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவது ஊர் வழக்கம் ஆயிற்று. பயம் போகுமாம். தட்டித் தட்டி அந்த இடம் பொன்போல மின்னியது. நொண்டிக்கொண்டே அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அறவாழி அந்த மினுக்கத்தைப் பார்ப்பார். அதுதான் அவருக்கு ஓய்வூதியம்.

அதன் பிறகு எத்தனையோ போராட்டம். ஆலை மூடியபோது, ஏரியை விற்றபோது, சாக்கடையில் இறங்கிய இரண்டு பேர் மூச்சடைத்துச் செத்தபோது. எல்லாவற்றிலும் தோற்றார். கூட நின்றவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். மீதிப் பேர் வாரியத் தலைவர்கள் ஆனார்கள். வென்றது இந்த ஒன்றுதான்.

போன வருடம் சாலையை அகலப்படுத்த எருமையைத் தூக்கினார்கள். வேலை முடிந்து புதுப் பீடத்தில் வைத்தபோது கச்சேரியைப் பார்க்க வைத்துவிட்டார்கள். சுற்றிலும் கருங்கல் பாவி, பெயர்ப்பலகையும் நட்டார்கள். ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

அறவாழி அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். மனு எழுதிப் பார்த்தார். ஆள் திரட்டிப் பார்த்தார். கடைசியில் ஒருநாள் காலை துணிப்பையில் ஒரு கட்டுத் துண்டறிக்கையோடு ஏரியின் அக்கரைக்குப் போனார்.

அக்கரையில் காத்தாயி இருந்தார். அவர் சாமியார் அல்ல, துறவி அல்ல. ஓட்டு வீடு, இரண்டு மாமரம். கேள்வியோடு வருகிறவர்கள் வருவார்கள். சிலருக்குப் பதில் கிடைக்கும், எல்லோருக்கும் சோறு கிடைக்கும். அறவாழியைவிடப் பத்து வயதாவது இளையவர்.

அறவாழி அவருக்குச் சீடரானது ஒரு கூட்டத்தில். அன்று அறவாழி மூன்று மணி நேரம் கடவுளைத் திட்டித் தீர்த்தார். கைதட்டல் அடங்கவில்லை. இறங்கி வந்தவரிடம் காத்தாயி, "அவரு பதில் சொல்லக் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கலாம் அண்ணே" என்றார். அன்றிலிருந்து அறவாழி அக்கரைக்கு வந்துபோகிறார். பழைய தோழர்கள் கேலி பேசினார்கள். மூத்தவர் இளையவரை 'அம்மா' என்பதும் இளையவர் மூத்தவரை 'அண்ணே' என்பதும் அவர்களுக்குப் பெரிய வேடிக்கை.

அன்று காலை காத்தாயி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அறவாழி ஒரு துண்டறிக்கையை எடுத்து அவர்முன் வைத்தார்.

காத்தாயி வாய்விட்டுப் படித்தார். "கருமடையே, உன் மானம் எங்கே? மண்டியிட்ட எருமையை மீட்போம். சாகும்வரை உண்ணாநோன்பு." நிமிர்ந்தார். "யாரு சாகுறது?"

"நான்தான்."

"எப்ப?"

"இன்னைக்கு மதியம் உக்காருறேன். எருமையோட மூஞ்சிக்குக் கீழ."

"சர்க்கரை எப்படி இருக்கு?"

"ஒரு வேளை தவறுனா கை நடுங்குது."

"அப்ப ரொம்ப நாள் ஆகாது" என்றார் காத்தாயி. கீரையை முறத்தில் தள்ளினார்.

அறவாழிக்குச் சுருக்கென்றது. "விளையாடாதீங்கம்மா. நான் வழியனுப்பக் கேட்டு வரல. ஒரு கேள்வியோட வந்திருக்கேன். அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"கேளுங்க."

"எருமையைத் திருப்பினது ஊருக்கு அவமானம். ஊருக்கு உறைக்கல. எனக்கு உறைக்குது. நான் சாகப் போறேன். இது தன்மானமா, திமிரா? திமிருன்னா எழுந்து வீட்டுக்குப் போயிடுறேன். தன்மானம்னா போய் உக்காருறேன்."

காத்தாயி கையைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, நான் அந்த எருமையைக் கிட்ட நின்னு பாத்ததே இல்ல. ஒருநாள் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்னு நீங்கதான் சொல்லிட்டே இருந்தீங்க."

"இப்பப் போய்ப் பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

"உங்களுக்கு எப்படியும் போற வழிதானே. காட்டுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

இருவரும் நகரப் பேருந்தில் ஏறினார்கள். நல்ல கூட்டம். அறவாழியின் காலைப் பார்த்து ஒருவர் எழுந்து இடம் விட்டார். அறவாழி உட்கார மறுத்தார். காத்தாயி உட்கார்ந்துகொண்டார்.

"எவ்வளவு கனம் இருக்கும் அது?" என்று கேட்டார் காத்தாயி.

அறவாழியின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "ஊர்ப் பாத்திரம் பூரா அதுக்குள்ளதான் இருக்கு. எங்க அம்மாவோட பித்தளைக் குடமும் இருக்கு. இடது காதுன்னு நான் நினைச்சுக்குவேன்."

"அம்மாடி. அதைத் திருப்பினீங்களே."

"திருப்பினோம்."

"நீங்க எந்தப் பக்கம் கயிறு பிடிச்சீங்க?"

"நான் எங்க பிடிச்சேன்? நான் வண்டி மேல நின்னேன். குரல் குடுத்தேன்."

"ஓகோ" என்றார் காத்தாயி. சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

அந்த 'ஓகோ' அறவாழிக்குப் பிடிக்கவில்லை.

நடத்துநர் கூட்டத்துக்குள் நீந்தி வந்தார். "கொம்பு வருது, கொம்பு! கொம்புக்கு எறங்குறவங்க முன்னாடி வாங்க. யம்மா, கூடையைத் தூக்கு. அடுத்து வால்!"

காத்தாயி அவரைக் கேட்டார். "தம்பி, கச்சேரிக்கு எங்க எறங்கணும்?"

"கச்சேரின்னா வால்ல எறங்குங்கம்மா. வேடிக்கை பாக்கன்னா கொம்புல எறங்கி நடங்க. பூக்கடை எல்லாம் அங்கதான்."

"வால்ல என்ன இருக்கு?"

"வால்ல மெஸ் இருக்கு. இன்னைக்கு மொச்சைக் குழம்பு" என்று சொல்லிவிட்டு அவர் பின்பக்கம் போனார்.

காத்தாயி அறவாழியைப் பார்த்தார். "கச்சேரிக்கு எதிர்ல இப்ப மூஞ்சிதானே இருக்குன்னீங்க?"

"பழக்கதோசம்" என்றார் அறவாழி. "வாய் இன்னும் பழகல. ஆறு மாசத்துல மாறிடும்."

"திருப்பி எவ்வளவு நாள் ஆச்சு?"

அறவாழி மேல்கம்பியைக் கை மாற்றிப் பிடித்தார். ஒரு வருடம் முடியப் போகிறது.

கொம்பில் இறங்கினார்கள்.

நாற்சந்தி முன்பைவிட அகலமாக இருந்தது. ஆட்டோக்கள், தள்ளுவண்டிகள், பள்ளிக்கூட வேன்கள். நடுவே புதுக் கருங்கல் பீடம். அறவாழி ஒரு வருடமாகப் பார்க்காததைப் பார்த்தார். கொம்பு இருந்த இடத்தில் வால் தொங்கியது. நாற்பது வருடம் தட்டி மினுங்கிய பின்தொடை இப்போது பூக்கடைப் பக்கம், யாருக்கும் வேலையில்லாமல், வெயிலில் கிடந்தது.

"பாத்தீங்களா?" என்றார். "சூடு சொரணை இருக்குற ஊரா இது? பின்பக்கத்தைப் பூக்காரிக்குக் காட்டிட்டு, மூஞ்சியை அவனுக்குக் காட்டிட்டு நிக்குது. இந்த ஊருக்காகவா நான் காலைக் குடுத்தேன்?"

காத்தாயி பூக்கடைக்குப் போனார். பூக்காரி நடுத்தர வயது, வெற்றிலைச் சிவப்பு வாய்.

"ஏம்மா, கச்சேரிக்கு எப்படிப் போகணும்?"

"நேரா எருமையைச் சுத்திக்கிட்டு வால் பக்கம் போ."

"வால் இங்கதானே இருக்கு?" காத்தாயி கடைக்கு நேரே தொங்கிய வாலைக் காட்டினார்.

பூக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வால் இங்கதான் இருக்கு. வால் பக்கம் அங்க இருக்கு."

"அங்க மூஞ்சி இருக்கே."

"இருந்துட்டுப் போகட்டும். நீ ஊருக்குப் புதுசா? இது கொம்புப் பக்கம். முப்பது வருசமா நான் கொம்புல கடை வச்சிருக்கேன். எவனோ கிரேனைக் கொண்டாந்து தூக்கி வச்சான்னு நான் வாலுக்குக் குடிபோயிட முடியுமா?"

அறவாழி நெருங்கி வந்து ஒரு துண்டறிக்கையை நீட்டினார். "படிச்சுப் பாரும்மா."

பூக்காரி தாளைத் தடவிப் பார்த்தாள். "தாள் நல்ல கெட்டியா இருக்கு பெரியவரே. இலை கிடைக்கல இன்னைக்கு. இன்னும் நாலு குடு, பூ பொட்டலம் கட்டலாம்."

"இது பொட்டலம் கட்டுற தாள் இல்ல. இந்த எருமையைப் பத்தினது. இதை மொதல்ல திருப்பி வச்சது யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்ன? எங்க மாமனாருதான்."

அறவாழி ஓரடி முன்னால் வந்தார். "யாரு?"

"எங்க மாமனாரு. வண்டி மேல ஏறி நின்னு 'திருப்புங்கடா'ன்னு ஒரு சத்தம் போட்டாராம் பாரு, கச்சேரி சன்னலெல்லாம் கிடுகிடுன்னு ஆடுச்சாம். கல்யாணம் ஆகி வந்த நாள்லருந்து கேக்குறேன்."

"வண்டி மேல நின்னது நான்!" என்றார் அறவாழி. குரல் பழைய குரலாகவே வந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பினார்கள். "நான்மா! அறவாழி! இந்தக் காலைப் பாரு!"

பூக்காரி காலைப் பார்த்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படவில்லை. சிரித்தாள்.

"போன மாசம் ஒரு பெரியவர் வந்தாரு. அவருதான் நின்னேன்னாரு. பக்கத்துத் தெரு டெய்லரைக் கேட்டா அவங்க பெரியப்பாம்பாரு. எல்லாரும் வண்டி மேலயே நின்னா, கயிறை யாரு பெரியவரே இழுத்தது?"

கடைக்காரர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அறவாழிக்கு அது கெட்ட சிரிப்பாகவே விழுந்தது.

அவர் விறுவிறுவென்று நொண்டிக்கொண்டு எருமையை நோக்கிப் போனார். காத்தாயி பின்னால் போனார், கையில் ஒரு முழம் பூவோடு. அது அறவாழியின் துண்டறிக்கையில்தான் கட்டியிருந்தது. 'மானம் எங்கே?' என்ற வரி மட்டும் வெளியே தெரிந்தது.

"பொய் சொல்றா அவ" என்றார் அறவாழி.

"ஆமா அண்ணே. நீங்கதான்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன? ஊருக்குத் தெரியலையே!"

"ஊருக்கு எது தெரியணும்?"

"நான் செஞ்சது தெரியணும்."

"அது தெரியுதே. வண்டி மேல நின்னது, சத்தம் போட்டது, 'திருப்புங்கடா'ன்னது, எல்லாம் அந்தம்மா சரியாத்தானே சொன்னாங்க. ஒரே ஒரு பேருதான் தப்பு."

"அந்த ஒரு பேருதான்மா நான்!"

காத்தாயி முன்னால் நடந்தார்.

பீடத்தைச் சுற்றிக்கொண்டு கச்சேரிப் பக்கம் வந்தார்கள். பெரிய வாசல், துப்பாக்கியோடு ஒரு காவலர். புதுப் பெயர்ப்பலகையில் 'மாளிகை முகப்பு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே ஒரு கூலியாள் குந்தியபடி பெயர்ந்த கருங்கல் ஒன்றைச் சிமெண்டு வைத்துப் பூசிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தாலே வடக்கேயிருந்து பிழைக்க வந்தவர் என்று தெரிந்தது.

காத்தாயி அவரிடம் குனிந்தார். "தம்பி, முகப்பு எங்க இருக்கு?"

அவர் தலையை ஆட்டினார். "முகப்பு தெரியாது அம்மா."

"இந்தப் பக்கத்துக்கு என்ன பேரு?"

"இதுவா?" அவருக்கு அந்தக் கேள்வி எளிதாக இருந்தது. கரண்டியால் தரையைத் தட்டினார். "இது வால்."

"நீங்க எப்ப வந்தீங்க இந்த ஊருக்கு?"

"ஆறு மாசம்."

அறவாழி அவரைப் பார்த்தார். இந்த ஆள் எருமையின் வாலை இந்தப் பக்கம் ஒரு நாளும் கண்டதில்லை. இவருக்குத் தமிழில் எத்தனை வார்த்தை தெரியுமோ. தெரிந்தவற்றில் ஒன்று இது.

அறவாழி எருமையின் முகத்துக்குக் கீழே வந்து நின்றார். உட்கார நினைத்திருந்த இடம் இதுதான். பையைக் கீழே வைத்தார். ஆனால் உட்காரவில்லை.

அப்போது ஒரு விவசாயி, மடித்த மனு சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருக்க, வேகமாக வந்தார். கச்சேரி வாசலைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, ஏதோ நினைவு வந்தவர்போல, எட்டி எருமையின் மூக்கில் பொத்தென்று ஒரு தட்டுத் தட்டினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார்.

அறவாழி மூக்கைப் பார்த்தார். சிலை முழுக்கக் கறுத்துக் கிடந்தது. மூக்கின் நுனி மட்டும் மஞ்சளாக மின்னத் தொடங்கியிருந்தது.

"ஏம்மா, மூக்குல தட்டுறாரு?" என்று விவசாயிக்குப் பின்னால் வந்த அவர் மனைவியிடம் கேட்டார் அறவாழி. அவருக்குத் தன் குரலே வேறு யாருடையதோபோல் கேட்டது.

அந்தப் பெண் போகிற வேகத்திலேயே சொன்னாள். "வால் பக்கம் எது இருக்கோ அதைத்தானே தட்டணும்."

அவளும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

வெயில் ஏறியது. அறவாழியின் கை நடுங்கத் தொடங்கியது. காலையில் குடித்தது அரைக் குவளைக் கஞ்சி. நடுக்கத்தைக் காத்தாயியும் பார்த்தார். பார்க்காததுபோல் பீடத்தில் சாய்ந்து நின்றார்.

கச்சேரிக்குள்ளிருந்து ஓர் அதிகாரி இறங்கி வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, காதில் கைபேசி. அறவாழிக்கு அவரைத் தெரியும். எருமையைத் திருப்பி வைத்த விழாவில் கத்தரிக்கோலோடு நின்ற படம் நாளிதழில் வந்திருந்தது. அந்தப் படத்தை வெட்டி எடுத்து, மடித்து, இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

அதிகாரி வாசற்படியில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கைபேசியில் எரிந்து விழுந்தார்.

"எங்கய்யா நிக்கிற வண்டியை வச்சுக்கிட்டு? ... கொம்புல ஏன்யா நிக்கிற? ... முகப்புன்னு சொன்னேன்ல! ... புரியலையா? ... என்னது, முகப்புன்னா எதுன்னு தெரியாதா?"

அவர் ஒரு கணம் நிறுத்தினார். புதுப் பெயர்ப்பலகையைப் பார்த்தார். எருமையின் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வால்யா. வால் பக்கம். வால் பக்கம் வா."

அடுத்த நிமிடமே வண்டி சரியாக வந்து நின்றது. அவர் ஏறிக்கொண்டார்.

காவலர் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார். சிமெண்டு பூசிக்கொண்டிருந்தவரும் சிரித்தார்.

அறவாழி சிரிக்கவில்லை. வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெகுநாளாகக் குனிந்திருந்த அவருடைய தோள்கள் மெல்ல எழுந்தன. தாடை இறுகியது. ஒரு காலத்தில் பாரவண்டிமேல் நின்ற ஆளைப் பார்த்திருந்தவர்கள் யாராவது அந்த நேரத்தில் அங்கே இருந்திருந்தால், அடையாளம் கண்டிருப்பார்கள். யாரும் இல்லை.

"அம்மா" என்றார்.

"சொல்லுங்க அண்ணே."

"அவன் வாயாலயே சொன்னான்."

"கேட்டேன்."

"நான் கத்தினது ஒரு தடவை. ஒரே ஒரு தடவை."

"ஆமா."

அறவாழி சட்டைப்பையிலிருந்து நாளிதழ்ப் படத்தை எடுத்தார். பார்த்தார். மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். கசப்பு அத்தனை சீக்கிரம் போகிற பொருள் இல்லை. கீழே கிடந்த பையைப் பார்த்தார். கட்டுத் துண்டறிக்கை அப்படியே இருந்தது.

"இன்னும் பதில் சொல்லலையே நீங்க" என்றார். குரலில் பழைய கடுமை. "பாத்துட்டுச் சொல்றேன்னீங்க. பாத்தாச்சு. நான் இங்க உக்காந்து சாகுறது தன்மானமா, திமிரா? ஒண்ணு சொல்லுங்க."

காத்தாயி அவருடைய நடுங்கும் கையைப் பார்த்தார். பூப்பொட்டலத்தை அவிழ்த்தார். பூவைத் தலையில் வைத்துக்கொண்டார். கசங்கிய துண்டறிக்கையை நீவி, நான்காக மடித்து, அவரிடமே கொடுத்தார்.

"எனக்குப் பசிக்குது அண்ணே" என்றார். "வால் பக்கம் ஒரு மெஸ் இருக்காம். மொச்சைக் குழம்பாம். எனக்கு இந்த ஊர்ல திசை தெரியல. எது வால் பக்கம், காட்டுங்க."

அறவாழி யோசிக்கவில்லை. அவருடைய கை தானாக எழுந்தது. எருமையின் முகம் பார்த்திருந்த பக்கமாக நீண்டது.

நீட்டிய கையை அவரே பார்த்தார். அதை மடக்காமல் அப்படியே நின்றார்.